பூஜ்யத்துக்குப் பயந்த மர்சலின்

மர்சலின் பிறந்ததே பயந்துகொண்டுதான் என்று சாந்தோம் பக்கத்தில் சொல்வார்கள். ஞானஸ்நானத்தன்று சாமியார் தலையில் தண்ணீர் விடுவதற்குள்ளேயே, சளி பிடிக்கப் போகிறதே என்று முன்கூட்டி ஏழு தும்மல் போட்டாளாம். நம்புகிறவர்கள் நம்பலாம். வளர்ந்த பிறகும் கடற்கரைக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். லிஃப்டில் ஏறுமுன் உள்ளே நிற்பவர்களைக் கண்ணாலேயே எடை போடுவாள். எண்ணூரில் மேகம் கறுத்தால் போதும், மயிலாப்பூரில் இவள் வீட்டு அரிசி டிரம் பரணில் ஏறிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பார்த்து வைத்த வேலையைக் கேளுங்கள். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவளைக் கோபாலபுரத்துப் பழைய பங்களா ஒன்றில் இருந்த செல்போன் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாளைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு பேர் போன் பேசுவார்கள் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் எவ்வளவு, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகரில் எவ்வளவு, பரீட்சை முடிவு வரும் காலையில் எவ்வளவு. வராததை நினைத்துப் பயப்படுவதற்கு மாதச் சம்பளம்! "ஊரே பயப்படுது. உனக்கு மட்டும்தான்டி அதுக்கு பி.எஃப். பிடிக்கிறாங்க" என்பார் கணவர் பிரகாசம், உயிரோடு இருந்த வரைக்கும்.

அந்த நவம்பரில் வங்கக் கடலில் புயல் ஒன்று உருண்டு திரண்டது. மர்சலினின் ஒரே மகள் சோஃபியா ஆதம்பாக்கத்தில், தரைத்தள வீட்டில், எட்டு மாத வயிற்றோடு இருந்தாள். மாப்பிள்ளை ஜேக்கப்புக்குக் கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருந்தானோ.

"பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு கண்ணு" என்று மர்சலின் போனில் கெஞ்சினாள்.

"அம்மா, போன வருஷம் ஒண்ணு வந்துச்சு, சரி. நீ சொன்ன மத்த புயல் எல்லாம் எங்க போச்சு? ஆந்திராவுக்குப் போச்சு. இதுவும் போவும். பாவம், அவங்களுக்கு போன் பண்ணி பயமுறுத்து."

மறுநாள் காலை வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. ஆபீசில் மேனேஜர் சுஹாஸ் திரையைத் திருப்பிக் காட்டினான். மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் மூச்சு விடும். அதற்குமேல் ஜெனரேட்டர் வண்டி போய் நின்றால்தான் பிழைக்கும். டவருக்கு ஒரு வண்டி வேண்டும். வண்டிகளோ கைவிரலுக்குள் அடக்கம். யாருக்கு அதிகம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும்.

"மெஷின் தெளிவா சொல்லுது மேடம். போன வருஷப் புயல்ல தி.நகர் பக்கம்தான் கூட்டமா பேசியிருக்காங்க. கோட்டூர்புரம் ஆத்தங்கரையில மத்தியானத்துக்கு மேல யாரும் போனே பண்ணலை. ஆதம்பாக்கத்துலயும் பூஜ்யம்."

மர்சலின் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். விரலை அதன் மேல் வைத்தாள்.

"பண்ணலையா, பண்ண முடியலையா?"

"அப்படின்னா?"

"கடையைப் பூட்டி வெச்சுட்டு, இன்னிக்கு யாரும் அரிசி கேக்கலைன்னு எழுதுவியா சுஹாஸ்? டவர் செத்துக் கிடந்தா எதுல பதிவாகும்? போன வருஷம் நான் அந்தப் பூஜ்யத்துக்குள்ளதான் இருந்தேன். பொண்ணு வீட்டு மாடிப்படியில நின்னு, கட்டை விரல் தேயற வரைக்கும் போட்டேன். அந்தத் தெருவே போட்டுச்சு. உங்க மெஷின் அதைப் படிச்சுட்டு, இவங்களுக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லைன்னு கத்துக்கிட்டிருக்கு!"

சுஹாஸ் கெட்டவனில்லை. தலையைச் சொறிந்தான். "ஒரே ஒரு வண்டி கழட்டித் தரேன். ஆனா கோவிச்சுக்காதீங்க மேடம், ஆதம்பாக்கம்னு எழுதினா, பொண்ணு வீட்டுக்கு ஜெனரேட்டர் அனுப்பிட்டாங்கன்னு மேல இருக்கறவங்க பேசுவாங்க."

"கணக்கு என்ன சொல்லுதோ அதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அப்போதே கிள்ளிக்கொள்ளத் தோன்றியது.

செத்த டவருக்கும் கடைசி மூச்சு என்று ஒன்று உண்டல்லவா? சாவதற்கு முந்திய கால் மணி நேரத்தில் அழைப்புகள் எந்த வேகத்தில் ஏறின என்று பார்த்தால், அதற்கப்புறம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஊகிக்கலாம். கால் மணி நேரம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகுதான் போன வருஷ எண்களைத் திறந்தாள். கோட்டூர்புரம் முந்தி நின்றது.

மர்சலின் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. கால் மணியை அரை மணியாக்கிப் போட்டுப் பார்த்தாள்.

ஆதம்பாக்கம் முந்தியது.

அரை மணி என்று வைத்தால் தப்பென்று யார் சொல்ல முடியும்? யாராலும் முடியாது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. ஆயுள் முழுக்க இடிக்குப் பயந்தாள், பல்லிக்குப் பயந்தாள். தன் விரலுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயந்தாள்.

போன் அடித்தது. வண்டி ஓட்டும் இனாயத்.

"மேடம், டீசல் ரொப்பியாச்சு. எங்க போவணும்? மழை பிச்சிக்கினு ஊத்துது. இப்ப கெளம்புனாதான் உண்டு."

"கோட்டூர்புரம்" என்றாள். வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

உடனே மகளைக் கூப்பிட்டாள். "சோஃபி, மாடிக்குப் போயிடு. சூடாமணி மாமி வீட்டுல உக்காந்துக்கோ. உங்க டவர் நிக்கப் போவுது, அப்புறம் என்னால…"

"அம்மா, இங்க வாசல்ல தண்—"

அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நடந்தது என்றே சொல்ல முடியாது. மர்சலின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டூர்புரத்துக் கோடு கொதிக்கிற பால் மாதிரிப் பொங்கிப் பொங்கி மேலே போனது. ஆதம்பாக்கத்துக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தலைவிரித்து ஆடியது. ஜெபமாலை உருட்டினாள்; பத்து மணி உருட்டுவதற்குள் பதினோரு தடவை திரையைப் பார்த்தாள்.

இடையில் இனாயத் கூப்பிட்டான். "மேடம், ஜனங்க இன்னா பேச்சு பேசறாங்க! வண்டி அடுப்பாட்டம் கொதிக்குது. ஆத்துல தண்ணி ஏறிக்கினே கீது. போட் கூப்புடறாங்க, ஆஸ்பத்திரி கூப்புடறாங்க. நல்ல வேளை வந்தோம்."

சுஹாஸ் டீ கொண்டுவந்து வைத்தான். திரையை எட்டிப் பார்த்து, "ஆதம்பாக்கம் அமைதியா இருக்கு போல" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. டீயை அங்கேயே விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் போய்விட்டான். டீ ஆறி ஆடை கட்டியது.

விடிந்ததும் ஆபீஸ் கார் அவளைக் கிண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதற்குமேல் கார் போகாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். முழங்கால் தண்ணீர், அப்புறம் தொடை. பாம்புக்குப் பயப்படுகிறவள், மிதந்து வந்த தோட்டக் குழாயைக் கையால் தள்ளிவிட்டு நடந்தாள். பாம்பென்று தோன்றியதே மூன்று தப்படி தள்ளித்தான்.

சோஃபியாவின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஸ்டூல் மிதந்தது. குழந்தைக்கென்று வாங்கிய தொட்டில் துணி மிதந்தது. ஆள் இல்லை.

"சோஃபீ!"

அந்தக் குரலுக்கு மூன்று தெருக் காக்கை எழுந்து பறந்ததாகக் கேள்வி.

"மேல இருக்கேம்மா! கத்தாத, மாமி இப்பதான் கண்ணசந்தாங்க."

மர்சலின் படியேறினாளா, பறந்தாளா தெரியாது. மகளின் வயிற்றைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், மறுபடியும் வயிற்றைத் தொட்டாள். உள்ளே இருந்தது ஓர் உதை விட்டது.

"எத்தனை தடவை போட்டேன் தெரியுமா உனக்கு?" என்றாள் சோஃபியா.

"வலி வந்துச்சா? எங்க வலிச்சுச்சு?"

"வலியெல்லாம் இல்லை. நீ சொன்ன புயல் வந்துடுச்சு, நீதான் ஜெயிச்சேன்னு சொல்றதுக்குத்தான் போட்டேன்."

சிரிப்பதற்கு வாயைத் திறந்த மர்சலினுக்கு அழுகைதான் வந்தது. அப்போதுதான் மேலே ஏறும் படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். மேல் வீட்டு ராஜரத்தினம். நேற்று மத்தியானம் ஈரப் படியில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. குடையை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும், ஒரு தடவைகூட போன் போகவில்லை. இப்போதுதான் தெருப் பையன்கள் டிராக்டர் பிடிக்கப் போயிருந்தார்கள்.

மர்சலின் அவர் முன்னால் போய் நின்றாள். "சார், டவருக்குக் கரண்டு குடுக்கற வண்டி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்தது. இங்க வந்திருந்தா நேத்தே உங்களுக்கு போன் போயிருக்கும். நான்தான் கோட்டூர்புரத்துக்கு அனுப்பினேன்."

ராஜரத்தினம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அங்க போன் போச்சா?"

"போச்சு சார்."

"ம்" என்றார். மன்னித்தாரா, சபித்தாரா என்று அந்த 'ம்'மை வைத்துச் சொல்ல முடியாது. மர்சலினுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அவள் மெல்ல அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க சார். நேத்து எத்தனை தடவை போட்டீங்கன்னு அதுல இருக்கும். டவருக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும்."

கீழ்ப்படியில் இருந்தவர்களும் தத்தம் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ராஜரத்தினத்தின் மனைவிக்கு மட்டும் சந்தேகம். "எதுக்கும்மா கேக்கறீங்க? போகாத போனுக்கும் காசு பிடிப்பாங்களா?"

"இல்லைம்மா. போகாததைத்தான் எண்ணணும். அடுத்த புயலுக்கு."

"அடுத்த புயலா!" என்று சோஃபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சுட்டாங்க எங்கம்மா!"

ஆனால் தன் போனையும் நீட்டினாள். முதலில் எண்ண வேண்டியது அதுதான் என்பது போல.