முன்னுக்குப் போகாதவள்

கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நாங்கள் பழகும் குத்துச்சண்டைக் கூடம். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னதால், முப்பத்தாறு வயதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். எனக்குச் சோடியாகக் கிடைத்தவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பெற்றோர் போருக்குத் தப்பி எல் சல்வடோரிலிருந்து வந்தவர்கள். அவள் ஸ்காபரோவிலேயே பிறந்தவள்.

ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் மெக்சிக்கோக்காரி. ஸ்பானிஷ் பெயர், கையில் கிளவுஸ், வேறென்ன வேண்டும்? மெக்சிக்கோக்காரர் பின்வாங்கவே மாட்டார்களாம், வாங்கி வாங்கி அடிப்பார்களாம். இவளோ தள்ளி நின்று, இடது கையை நீட்டிவிட்டு வழுக்கிக்கொண்டு போகிறவள்.

அவர்கள் பேசிய ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் விழுந்தது:

"முன்னுக்குப் போ! உது உன்ர இரத்தத்திலேயே இருக்குமே," என்பார் பயிற்றுநர்.

"என்ர இரத்தத்தில கோப்பிதான் இருக்கு," என்பாள்.

போன வசந்தத்தில் மிசிசாகாவில் அவளுடைய முதல் போட்டி. தண்ணீர்ப் போத்தலோடு நானும் அவள் மூலையில் நின்றேன். அறிவிப்பாளர் "மெக்சிக்கோவின் மகள்!" என்று முழங்கினார். சனத்துக்குள் அவளுடைய அம்மா எழும்பி நின்று, ஸ்பானிஷில் அவரைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

மணி அடித்ததும் இவளுக்கு என்ன வந்ததோ, நேரே போய் மோதினாள். அடிக்கு அடி. சனம் கூவியது. சுற்று முடிய, மூக்கில் இரத்தம் வழிய வந்து இருந்தாள்.

"ஆருக்குக் காட்டுறாய்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்."

"எல்லாரும் உன்ர மூக்கைத்தான் பாக்கினம்."

சிரித்துவிட்டாள். அடுத்த இரண்டு சுற்றும் தன் பாட்டில், தள்ளி நின்றே விளையாடினாள். மூன்று நடுவர்களில் இருவர் அவள் பக்கம். பயிற்றுநர் தலையைச் சொறிந்தபடி, "சரி, இனி உன்ர விருப்பம்," என்றார்.

பிறகு கார் தரிப்பிடத்தில் அவளுடைய அம்மா வெள்ளித்தாளைப் பிரித்து, பயறும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட சோளமா ரொட்டி தந்தார். என்னைப் பார்த்தபடி மகளிடம் ஏதோ கேட்டார்.

"நீ இந்தியாவோ எண்டு கேக்கிறா."

"இல்லை, இலங்கை."

அது எங்கே இருக்கிறது என்று விளக்க மகளின் ஸ்பானிஷ் அவ்வளவு தூரம் போகவில்லை. போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கட மாதிரிச் சின்ன நாடாம்," என்றாள் மகள்.

அம்மா இன்னொரு ரொட்டியை என் கையில் வைத்தார்.