பெயருக்கு வீடு தரமாட்டேன் என்றவர்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது ரொஸலின் அக்காவின் மகள் ஷெரினின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள். குரல் உடையவில்லை. ஒரு மூச்சு விட்டு, "உடன வாங்கோ. ஆக்கள் வந்து கதைக்கத் தொடங்க முதல் வாங்கோ," என்றாள். மீனை மறந்து காலி வீதிக்கு ஓடி வந்து, கிடைத்த ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். "பாவம், ஊரான் பிள்ளையளை எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சவ. பெத்த பிள்ளையை அனுப்ப ஏலாமப் போச்சு." பெட்டியில் கிடந்தவருக்கு அது கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார். அவர் இல்லாதபடியால் நான் சொல்கிறேன். ஏலாமல் போகவில்லை. மாட்டேன் என்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ரொஸலின் அக்காவை நான் சந்தித்தது, காலி வீதியில் ஒரு மேல்மாடியில் இயங்கிய வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையத்தில். பிள்ளைகளை எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாம் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பல்கலைக்கழகம் நிலையத்துக்குத் தரகு கொடுக்கும். பெரிய பெயருள்ள இடமென்றால் பெரிய தரகு. ஆகவே எங்கள் ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ரொஸலின் அக்கா மட்டும் சாயவில்லை.

இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் மகனோடு வந்தது நினைவிருக்கிறது. மகனுக்கு இங்கிலாந்தில் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று உலகமே அறிந்த பெயர். மற்றது ஒரு சிறு நகரத்தில். அதே பாடம், கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தகப்பன் தொடர்மாடி வீட்டை வங்கியில் ஈடு வைக்கத் தயாராக வந்திருந்தார்.

"தம்பி, ரெண்டிலயும் என்ன வித்தியாசம் எண்டு பார்த்தனீங்களோ?" என்று மகனிடம் கேட்டார் அக்கா.

பையன் யோசித்தான். "பேர் தான் மிஸ்."

தகப்பன் குறுக்கிட்டார். "ஆக்கள் கேட்டா சொல்றதுக்கு ஒரு பேர் வேணுமே, மிஸ்."

"ஆக்கள் ஒருக்காத்தான் கேப்பினம் அண்ணே. பாங்க் மாசாமாசம் கேக்கும்."

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்து மகனைச் சிறு நகரத்துக்கே பதிந்துவிட்டுப் போனார். எங்கள் முகாமையாளர் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவு பூட்டியிருந்தும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்குச் சம்பளம் தாறது ஆர்?"

"நீங்க தான் சேர். ஆனா வீட்டை ஈடு வைக்கிறது அவர்."

அந்த மாதத்தோடு வேலை போயிற்று. அவர் அழவில்லை. யாரிடமும் விடைபெறவுமில்லை. அடுத்த திங்கட்கிழமை, எங்கள் படிக்கட்டுக்கு நேர் கீழே இருந்த ஃபாரூக் நானாவின் தேநீர்க்கடையில், வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேலே வந்துவிட்டுக் குழப்பத்தோடு இறங்கும் பெற்றோர், முன்னரே அறிந்த முகத்தைக் கண்டு அவரிடம் போய் அமர்ந்தார்கள். முகாமையாளருக்கு விஷயம் எட்டியதும் காவலாளியை அனுப்பி, அந்த மிஸ்ஸை அங்கே இருக்க விடவேண்டாம் என்று சொல்ல வைத்தார். ஃபாரூக் நானா கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை. "அவங்க டீ குடிக்கிறாங்க. ஒங்கட சேரும் வந்து குடிச்சா அவருக்கும் இருக்க ஒரு கதிர போட்டுத் தாறன், போய்ச் சொல்லுங்க," என்றார்.

பிறகு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். எந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் தரகு வாங்குவதில்லை என்பது முதல் நாளிலிருந்தே அவருடைய சட்டம். வருகிறவர்கள் கொடுக்கும் சிறு கட்டணம் மட்டும்தான். அந்த வருடக் கடைசியில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அவரை மலிவான இடத்துக்கு ஆள் பிடிப்பவர் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொச்சிக்கடையிலிருந்து வந்த டில்ஷியைத் தெரியாது. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். பிள்ளைக்குக் கப்பல் வடிவமைக்கப் படிக்க ஆசை. அதற்குப் பேர்போன வெளிநாட்டுக் கல்லூரியொன்றில் இடமும் கிடைத்திருந்தது, உதவித்தொகைதான் போதவில்லை. வீட்டாருக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று, இங்கேயே குறைந்த செலவில் கணக்கியல் படிப்பதாக அவள் முடிவெடுத்துவிட்டு, எங்களிடம் அதற்கு ஒப்புதல் வாங்க வந்தாள். நான் தலையாட்டினேன். அக்கா மேசையில் தட்டினார்.

"கணக்கு உனக்குப் பிடிக்குமோ?"

"இல்லை மிஸ்."

"பிடிக்காத படிப்பு இனாமாக் கிடைச்சாலும் நட்டம் தான். நீ அங்கயே போ. உதவிக்காசை நான் கேட்டு வாங்கித் தாறன்."

அந்தக் கல்லூரிக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்களில் கெஞ்சல் ஒரு வரியும் இருக்கவில்லை. கப்பல்களைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளையை இழப்பது உங்களுக்குத்தான் வெட்கம் என்ற தொனியில் எழுதினார். மறுத்தார்கள், மறுபடி எழுதினார். கடைசியில் உதவித்தொகையைக் கூட்டினார்கள். டில்ஷி இன்று கப்பல் கட்டும் தளமொன்றில் வேலை செய்கிறாள். அக்கா போன செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழுத அவளை என்னால் தேற்ற முடியவில்லை.

இனி ஷெரினின் கதை. இதைத்தான் ஆட்கள் கதைக்கிறார்கள்.

ஷெரினின் தகப்பன் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். தாய்க்கும் மகளுக்கும் இருந்தது கொட்டாஞ்சேனை வீடு மட்டும். ஷெரின் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்தாள். கிழக்கில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க இடம் வந்தது; கட்டணமில்லை. அதே நேரத்தில், யார் கேட்டாலும் புருவம் உயர்த்தும் லண்டன் பல்கலைக்கழகமொன்றிலிருந்தும் அழைப்பு வந்தது. அதற்குப் போவதென்றால் வீட்டை விற்கவேண்டும். ஒருநாள் பின்னேரம் அவள் எங்கள் அறைக்கே வந்து, வெளியே காத்திருந்தவர்களையும் பாராமல் கேட்டாள்.

"எல்லாற்றை பிள்ளையளுக்கும் நியாயம் கதைக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் ஏலாது எண்டுறீங்க?"

"ஏலாது எண்டு நான் சொல்லேல்லை. அங்க இருக்கிற எது இஞ்ச இல்லை எண்டு சொல்லு. சரியான காரணமெண்டா வீட்டை நாளைக்கே விக்கிறன்."

ஷெரின் கெட்டிக்காரி. பத்துக் காரணம் புனைந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அந்தத் தாயின் மகள். "பேர் அம்மா. எனக்கு அந்தப் பேர் வேணும்."

"உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோசம். பேருக்கு வீடு தரமாட்டன்."

ஷெரின் கிழக்குக்குப் போனாள். போய் நீண்ட நாள் தாயோடு பேசவில்லை, எனக்குத்தான் தொலைபேசி எடுப்பாள். "சாப்பிடுறாளாமோ?" என்பதைத் தவிர அக்கா என்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நாட்களில் அவர் மெலிந்ததை நான் பார்த்தேன். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஒருவர், "நல்ல பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிப் போட்டீங்களே," என்றபோது நிமிர்ந்து நின்று சொன்னார்: "அது காடில்லை, கம்பஸ். எங்கட ஆக்கள் கட்டின வரியில என்ர பிள்ளை படிக்கிறா. அதில வெக்கப்பட என்ன இருக்கு?"

பட்டத்தோடு ஷெரின் வீடு திரும்பினாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அவள் கொழும்பிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். தாயின் நோய்க்காலம் முழுவதும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

செத்த வீட்டில் உறவுக்காரப் பெண்ணொருவர் அவளுடைய கையைப் பிடித்து, "அண்டைக்கு லண்டன் போயிருந்தா இண்டைக்கு நீ எங்கயோ இருந்திருப்பாய்," என்றார். ஷெரின் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்க இருந்திருந்தாலும் இண்டைக்கு இஞ்ச தான் அன்ரி நிண்டிருப்பன். அம்மாவைக் கிடத்த இந்த வீடு தான் இருந்திருக்காது."

அதன் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆட்கள் குறைந்த பிறகு குசினி அடுப்படியில் அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்தப் பேரில எனக்கு இப்பவும் ஆசை இருக்கு அன்ரி. அம்மாவுக்கும் தெரியும்." ஓம், தெரியும். தெரிந்துகொண்டுதான் மாட்டேன் என்றார். மகளுக்கு வலிக்காது என்று நினைத்தல்ல.

அடக்கம் முடிந்து சில நாட்களில் எங்கள் ஆலோசனை அறையைத் திறந்தேன். முதலில் வந்த தாயொருவர், மகனைப் பெரிய பெயருள்ள இடத்துக்கு அனுப்ப நகையையும் வீடுவளவையும் விற்கப்போவதாகச் சொல்லி, நான் ஆமென்று சொல்லவேண்டுமென்று எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை. விற்கவேண்டாம், இந்தப் படிப்பு அதற்குப் பெறாது என்றேன். "உங்களை நல்லவ எண்டு சொல்லி அனுப்பினவை," என்று முகம் சிவக்க எழுந்து போனார். சமாதானம் சொல்லிக் கூப்பிடலாமென்று நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை.

ரொஸலின் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். நல்லவள் என்பதும் ஒரு பெயர்தான். அதற்காகவும் இன்னொருவர் வீட்டை விற்கச் சொல்லமாட்டேன்.