பெஞ்சுல நம்பர் போட்ட டப்பா

அறுவதுகள்ல, தாராவி தமிழ் ஸ்கூல்ல ரெண்டாங் கிளாஸ நான் ரெண்டு தடவ படிச்சேன். பெஞ்சுக்கே என்மேல பாசம் வந்துட்டு. பக்கத்துல இருந்த புள்ள சிலேட்டப் பாத்துத்தான் கணக்கு போடுவேன். அவ இல்லன்னா மூணாவது தடவையும் அதே பெஞ்சுதான்.

அந்த மழைக்காலத்துல அவ அம்மை பிள்ள பெத்துப் படுத்திருந்தா. தண்ணிக்கு இவதான் போவணும். குழாயில தண்ணி வாறதே ஸ்கூல் மணி அடிக்கிற நேரந்தான். தெனமும் லேட்டு. எங்க டீச்சர் மாட்டுங்காவுல இருந்து வாறவங்க, வீட்டுக்குள்ளயே குழாய் உள்ளவங்க. "நாளைக்கும் லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்"னுட்டாங்க. அவ அப்பனோ, "திருப்பி அனுப்புனா வீட்டுலயே கெட, பிள்ளையப் பாரு"ன்னு முன்னயே சொல்லி வச்சிருந்தாரு.

அவ அழல. சிலேட்ட எங்கையில குடுத்து, "நீயே வச்சுக்கோலே"ன்னா. வெறும் சிலேட்டு கணக்கு போடுமா?

மறுநாள் ஓட்டை எண்ணெ டப்பா ஒண்ணக் கொண்டுபோயி பெஞ்சுல அவ இடத்துல வச்சேன். எங்க குழாயடி சட்டம் அதான். ஆளு இல்லன்னாலும் வரிசையில டப்பா இருந்தா அவ நம்பர் அவளுக்கு.

அன்னைக்குன்னு டீச்சர் இரக்கம்னா என்னன்னு பாடம் நடத்துதாங்க. புஸ்தகத்துல ஒருத்தரு அடிபட்ட புறாவுக்குத் தண்ணி குடுத்துட்டு இருந்தாரு. அப்பதான் டப்பாவப் பாத்தாங்க.

"என்னடா இது?"

"அவ நம்பர், டீச்சர். தண்ணி புடிச்சிட்டு வந்துருவா."

"எடுடா அதை."

நான் எடுக்கல. தைரியம்னு நெனச்சிராதிய, குழாயடியில அடுத்தவ டப்பாவ எடுத்தவன் மண்ட ஒடஞ்சத நான் பாத்திருக்கேன். பின்னால இருந்து ஒருத்தன், "எடுத்தா சண்ட வரும் டீச்சர்"னான். மொத்தக் கிளாஸும் ஆமான்னு தலையாட்டிச்சு.

"இங்க எத்தனை பேர் தண்ணி எடுத்து வச்சுட்டு வரீங்க?"

பாதிக் கிளாஸ் கையத் தூக்கிச்சு. நானும் தூக்குனேன். என்னைய நம்பி எங்கம்மை ஒரு சொம்பக்கூடக் குடுத்ததில்ல.

டீச்சர் புறா படத்தக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. புஸ்தகத்த மூடிட்டாங்க.

அந்நேரம் அவ வந்து வாசல்ல நின்னா. குடம் வச்ச பக்கம் பாவாட நனஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. எல்லாரும் டீச்சர் மொகத்தையே பாத்தோம்.

"உன் இடம் அங்கதான் இருக்கு, போய் உக்காரு"ன்னாங்க. மறுநாள்ல இருந்து முதல் பீரியடு முடிஞ்சுதான் ஆஜர் எடுத்தாங்க.

அவ வந்து டப்பாவத் தூக்கி எம்மடியில வச்சா.

"சிலேட்ட எடுலே."