நான் நடத்திக் கொடுத்த கூட்டம்

ஒரு மனிதர் தான் செய்யாத குற்றத்துக்காகத் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார். அந்தக் குற்றத்தைச் செய்தவன் நான். அவரை விரட்டிய கூட்டத்தை நடத்தியவனும் நான்தான்.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றபின், தேனியில் ஒரு வாடகை மாடியில் பயிற்சி மையம் வைத்திருந்தேன். பள்ளத்தாக்கில் இருக்கும் சிறிய தொண்டு அமைப்புகளுக்கானது அது. உத்தமபாளையத்து மகளிர் குழுவினர் வருவார்கள். கூடலூரிலிருந்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் வருவார்கள். கம்பத்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அறக்கட்டளையின் செயலாளர், ஏலக்காய் வியாபாரி, தவறாமல் வருவார். கூட்டம் கூட்டுவது எப்படி, தீர்மானம் எழுதுவது எப்படி, பேசத் தயங்கும் மக்களைப் பேச வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன். கடைசியாகச் சொன்னதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

பாடம் அறைக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது என்பது என் கொள்கை. ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சின்னமனூர் வழியாக மேகமலைச் சாலையில் பாதி தூரம் போனேன். ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பதினோரு வீடுகள் இருந்தன. தோட்டத்தில் வேலை பார்த்து, உடம்பு தளர்ந்ததும் தோட்டம் கொடுத்திருந்த லைன் வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் போட்டுக்கொண்ட வீடுகள். அந்த ஊர்க்காரர்களைக்கொண்டே ஊரின் படத்தைத் தரையில் வரையச் செய்வதுதான் அன்றைய பாடம். கோலமாவும் செங்கல் பொடியும் புளியங்கொட்டையும் கொண்டுபோயிருந்தோம். வீட்டுக்கு ஒரு கொட்டை.

"படம் வரையவா இம்புட்டுப் பேரு மலையேறி வந்தீக? கூடவே ஒரு தண்ணி லாரியும் கூட்டியாந்திருக்கலாம்ல" என்று ஒரு கிழவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

வரைந்தது ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மா. கணவர் இல்லை. ஒரே மகள், அடுத்த வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். சாலையின் வளைவு, கோயில், தோட்டத்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி என்று அவர் கை தடையில்லாமல் ஓடியது. மகள் வீட்டுக்கு மட்டும் இரண்டு கொட்டை வைத்தார்.

"அதென்னம்மா ரெண்டு?" என்றேன்.

"மருமகப்பிள்ள எஸ்டேட்டுல வாச்மேனா இருக்காகல்ல சார். அங்கனயும் சோறு, இங்கனயும் சோறு."

தூரத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருந்த மருமகன் வெட்கத்தோடு சிரித்தார்.

கம்பத்து வியாபாரி குனிந்து படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, குடிக்கிற தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார். அந்த அம்மா கோலமாவைக் கீழே வைத்துவிட்டார். என் திறமையைக் காட்ட வேண்டிய இடம் அது என்று எனக்குப் பட்டது. நானும் தரையில் உட்கார்ந்தேன். "இது உங்க படம்மா. இங்க வரையறது இங்கேயே இருக்கும். தைரியமாப் போடுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, மேலிருந்து ஊர் வரை ஒரு கோடு இழுத்தார். தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழியும் இடத்தில் தொடங்கி, தோட்டத்துக்குத் தெரியாமல் உண்ணிச்செடிப் புதர்களுக்கு அடியில் ஒளிந்து வரும் கருப்பு ஹோஸ். அதன் வாயில் அடைக்கும் இலைகளை எடுத்துவிட தினமும் காலையில் ஏறிப் போகிறவர் அவரே. பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் கைபேசியில் படம் எடுத்தேன்.

"ஏ ஆத்தா, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? அழி அத!" என்று அதே கிழவர் கத்தினார். அந்த அம்மா சட்டென்று காலால் கோட்டைத் தேய்த்தார். தேய்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், போட்டோவுல விழுந்துருச்சா?"

"இல்லம்மா. இனிமேதான் எடுக்கணும்" என்றேன். அவர் கண்முன்னால் இன்னொரு படம் எடுத்துக்காட்டினேன். முதல் படம் கைபேசியிலேயே இருந்தது. பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவரைச் சமாதானப்படுத்துவதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் பயிற்சிக் கையேடு ஒன்று தயாரித்தேன். ஊர்ப்படம் பற்றிய பாடத்துக்குப் புகைப்படம் தேவைப்பட்டது. இரண்டாவது படத்தில் கால் தேய்த்த அழுக்கு பரவியிருந்தது. யாருடைய நிழலோ குறுக்கே விழுந்திருந்தது. முதல் படம் அவ்வளவு தெளிவு. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று முதல் படத்தையே போட்டேன். கரிக்கோட்டுக்கு ஓர் அம்புக்குறியும் வைத்து, "வெளியார் அறியாத வளங்களையும் மக்களே சுட்டிக்காட்டுவர்" என்று கீழே எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சின்னமனூரில் ஒரு திருமண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மலையில் இருக்கும் தோட்டங்களும் தொண்டு அமைப்புகளுக்கு உதவ வேண்டும் என்று பேசிப் பேசி, கம்பத்து வியாபாரி ஒரு மேலாளரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி இருந்த அதே தோட்டத்தின் மேலாளர்தான். அழைப்பிதழில் அவர் பெயருக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான். மேடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். வளைவையும் கோயிலையும் புகைபோக்கியையும் பார்த்தபின் ஊர்ப்பெயர் எதற்கு? அவர் விரல் கரிக்கோட்டின் மேல் மெதுவாக இறங்கியது.

"படம் ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அங்கேயே, அந்த மேடையிலேயே, அவரிடம் கெஞ்சியிருக்கலாம். வழிந்து வீணாகப் போகிற தண்ணீர்தானே என்று சொல்லியிருக்கலாம். என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எழுந்துபோய் ஏற்புரை ஆற்றினேன்.

அந்த வாரமே ஹோஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். தொட்டி வழியும் இடத்தைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். தகவல் எனக்கு அந்த அம்மாவிடமிருந்தே போனில் வந்தது.

"சார், ஊரே கொதிச்சுக் கெடக்கு. யாரோ காட்டிக் குடுத்துட்டாக. எம் மருமகந்தான்னு எல்லாரும் சொல்றாக. அடிதடி ஆயிருமோன்னு பயமா இருக்கு. நீங்க வந்து ஒரு கூட்டம் நடத்திக் குடுங்க சார். நீங்க சொன்னா கேப்பாக."

போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஜீப்பில் ஏறினேன். அந்த ஊருக்குக் கையேட்டில் ஒரு பிரதிகூட நான் அனுப்பியிருக்கவில்லை என்பது வளைவுகளில் ஏறும்போது நினைவுக்கு வந்தது. அவர்களில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வழியில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போது முடிவு என்னிடம் இல்லை.

கூட்டத்தை முறையாக நடத்தினேன். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கேட்டு வாங்கி, அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது என்றேன். பல ஊர்களில் சொல்லிக்கொடுத்த வழி அது.

டம்ளர் கிழவரிடம் போனது. "தொட்டி எங்கன வழியுது, பைப்பு எங்கன போகுதுன்னு அங்கன வேல பாக்கிறவனுக்குத்தான தெரியும்? எல்லாத்தையும் புடுங்கிப் போட்டாக, இவன் வேலைய மட்டும் புடுங்கலையே. அதுவே சாட்சி."

அந்த அம்மாவிடம் வந்தது. அதுவரை மருமகனை அவர் மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. "பொண்ணக் குடுத்தேன். பத்தலன்னு தண்ணியவும் கொண்டுபோயிக் குடுத்துட்டான்" என்றார். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தலைகுனிந்திருந்தாள்.

மருமகனிடம் வந்தது. அவர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அத்த, எம் புள்ளயும் அந்தத் தண்ணியத்தான குடிச்சுச்சு" என்றார். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். கையில் வைத்திருந்தேன். "நடத்துறவன் எந்தப் பக்கமும் பேசக் கூடாதுப்பா. அது முறை இல்ல" என்றேன். டம்ளரைத் தரையில் வைத்தேன்.

அந்த வீட்டோடு இனி எந்தப் போக்குவரத்தும் இல்லை என்று ஊர் முடிவு செய்தது. தீர்மானத்தை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

மகளும் மருமகனும் குமுளியைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சாலையில் வெகுதூரம் இறங்கி ஏற முடியாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கீழே வந்துவிட்டார்கள். பதினோரு வீடுகளில் இன்று எதிலும் ஆள் இல்லை. நான் மட்டும் தொடர்ந்து பயிற்சிகள் நடத்தினேன். நடுநிலை பற்றிய வகுப்பையும் விடாமல் எடுத்தேன். அந்தக் கூட்டத்தையே, ஊர்ப்பெயர் சொல்லாமல், மோதலைத் தவிர்த்ததற்கு உதாரணமாக ஓரிரு இடங்களில் சொல்லியும் இருக்கிறேன்.

சென்ற சித்திரையில் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, வாடகைக்கு ஓர் அறை. வலுக்கட்டாயமாக டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"மக போன எடுக்க மாட்டேங்கிறா சார். எந் நம்பரப் பாத்தாலே கட் பண்ணிர்றா. பேத்தி நடக்க ஆரம்பிச்சதக்கூட நான் பாக்கல. அவ திரும்பி வந்தா வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு நேந்திருக்கேன். இந்த வருசமும் போயிரும் போல." பிறகு சொன்னார்: "ஆனா நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா, கொலையே விழுந்திருக்கும் சார். நல்லா இருப்பீக."

வாழ்த்தைக் கேட்டதும் டீயைப் பெஞ்சில் வைத்தேன். சொல்லிவிட்டேன். இரண்டு படங்கள் எடுத்ததை, கையேட்டை, மேலாளரின் விரலை, ஜீப்பை விட்டு இறங்கும்போது மனம் மாறியதை, எல்லாவற்றையும். அவர் நம்பாமல் பார்த்ததால் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டினேன். பல அமைப்புகளின் வாட்ஸாப் குழுக்களில் அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பப் பெற வழியில்லை.

அவர் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். "அழிச்சேனே சார்" என்றார்.

கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, "மருமகப்பிள்ள சொன்னாக" என்றார்.

"என்னம்மா சொன்னார்?"

"கூட்டத்துக்கு மொத நாளு எங்கிட்ட வந்து சொன்னாக. சாரோட பொஸ்தகத்துல இருக்கு, மேனேஜரு அதக் காட்டித்தான் அவுககிட்டக் கேட்டாருன்னு. நான்தான்... சாரு எங் கண்ணு முன்னாடி, நான் அழிச்சதுக்கப்புறந்தான் படம் எடுத்தாரு, அவரப் பத்திப் பேசுனா செருப்பு பிஞ்சு போகும்னேன். கூட்டத்துல இதப் பத்தி வாயத் தெறந்தா நான் தூக்குப் போட்டுக்கிருவேன்னேன். நீங்களே சொல்லுவீகன்னு பாத்திருக்காக."

டம்ளரை நீட்டியபோது மருமகனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"கூப்பிடுங்க சார். உங்க நம்பருன்னா எடுப்பா" என்று மகளின் எண்ணைச் சொன்னார். அழைத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மகள் எடுத்தாள். யார் என்று சொன்னேன். தவறு என்னுடையது, உன் கணவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் மகள். "இத இப்ப யாருக்காகச் சொல்றீக?"

பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

"இன்னொருக்க அடிங்க" என்றார் அந்த அம்மா. அடித்தேன். மணி ஒலித்து ஒலித்து நின்றது. மூன்றாம் முறை, பதிவு செய்த ஒரு பெண்குரல் மலையாளத்தில் பேசியது.

"என்னாங்கிறா?"

"போன அணைச்சு வச்சிருக்காங்கம்மா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பேருந்தையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "நீங்க போங்க சார்" என்றார்.

போய்விட்டேன். போகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும்.