சுவர் மூலையில் ஓர் ஓட்டை

தையல்காரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மிஷினை வேகமாக மிதிப்பாள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். "இன்னைக்கு வீட்டுக்காரருக்கு அர்ச்சனைதான்" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்துக்கொள்வாள்.

அவள் கணவர் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளர். வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. பழைய சிமென்ட் தரையில் உப்புப் பூத்துச் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. சன்னலைத் திறந்தால் மணல் வரும், மூடினாலும் வரும். தினமும் காலையில் வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவாள். கூடத்து மூலையில் சுவரின் அடியில் ஓர் ஓட்டை. மணலும் தண்ணீரும் அதன் வழியே தெருச் சாக்கடைக்குப் போய்விடும். கடலோரத்தில் வீட்டைக் கழுவுகிறவளுக்கு அந்த ஓட்டை எத்தனை பெரிய துணை என்பது, கழுவாதவர்களுக்கு எப்படித் தெரியும்?

மதியமானால் தங்கை வருவாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராமல் போனதிலிருந்து, மீன் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. முழங்கை வரை செதில், ஈரக் கால் நிறைய மணல். அப்படியே உள்ளே வந்து அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த ஒருவேளைச் சாப்பாடுதான் அவளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது.

தரையை மாற்றலாம் என்று கணவர் சொன்னபோது தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் டைல்ஸை எல்லாரும் கையால் தடவிப் பார்த்தார்கள். இவள் செருப்பைக் கழற்றினாள், பாட்டில் தண்ணீரை டைல்ஸ் மேல் ஊற்றினாள், ஏறி நின்று காலைத் தேய்த்தாள்.

"அம்மா, இது கடைம்மா. குளிக்கிற ரூம் இல்ல" என்றார் கடைக்காரர்.

"எங்க வீடு தினமும் இப்படித்தாங்க இருக்கும். வழுக்கி விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?"

கடைசியில் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பான ஒன்றைப் பிடித்தாள். மூலை ஓட்டையைப் பார்த்துத் தண்ணீர் ஓடும்படி வாட்டம் வைத்துப் போடணும் என்று தரை போடுபவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவர் தலையாட்டினார். "உனக்குப் பிடிச்சதையே போட்டுடலாம். தூசி உன் மூச்சுக்கு ஆகாது. வேலை முடியுற வரைக்கும் தங்கச்சி வீட்ல இரு."

அந்தப் பாவி மனுஷனின் கரிசனத்தைத் தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். "பாருடி, இந்த வயசுல இவருக்கு என் மேல பாசம் பொங்குது!"

"பத்திரம்க்கா, பொங்கி வழிஞ்சிடப் போகுது."

சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் புதுத் தரையைப் பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்தாள். சிரிப்பு அப்படியே உறைந்தது.

சாம்பல் டைல்ஸ் எங்கே? கூடம் முழுவதும் பளபளவென்று மரப்பலகை! தண்ணீர் தேங்கினால் ஊறி உப்பிவிடும் ஒட்டுப்பலகை. அவள் கண் மூலைக்குப் போனது. ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள்.

தங்கை ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நில்லு! மணல்!" கணவர் கையை நீட்டித் தடுத்தார். "கீறல் விழுந்துடும். ஈரமும் ஆகாது. இனிமே வாசல்லயே இரும்மா, உங்கக்கா சாப்பாட்டைக் கொண்டு வந்து தருவா."

வைத்த காலைத் தங்கை மெல்ல வெளியே எடுத்தாள். "அதுக்கென்ன அத்தான். என்னைப் பார்த்தா தரைகூட முகம் சுளிக்குது போல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அக்கா கணவர் பக்கம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"எங்க மேனேஜர் வீட்ல இதான் போட்டிருக்கார். நாலு பேர் வர்ற வீடு, கௌரவமா இருக்க வேணாமா?"

"ஓட்டையை எதுக்கு அடைச்சீங்க?"

"தரை போடுறவர் அடைக்கட்டுமான்னு கேட்டார். சரின்னேன். இதுக்கெல்லாமா உன்னைக் கேக்கணும்?"

கேட்கத்தான் வேண்டும்! இருபது வருஷமாகக் குனிந்து நிமிர்ந்து அந்தத் தரையைக் கழுவியவளைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். அன்று தைத்த சட்டைகளில் ஒன்றுகூடக் கோணாமல் இல்லை.

தங்கை அதற்குப் பிறகு வரவில்லை. கொட்டகையில் வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினாள். பொய். அக்கா ஒருநாள் போய்ப் பார்த்தபோது, ஐஸ் பெட்டி மேல் தனியாக உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரி அருகில் போகாமலே திரும்பினாள். வீட்டில் மணலைத் தள்ளவும் வழியில்லை; பிழிந்த துணியால் துடைத்தால் மணல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. மனசுக்குள் கோபமும் அதே போல வெளியேற வழியில்லாமல் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேனேஜர் மனைவியோடு சாப்பிட வந்தார். கடற்கரையில் நடந்துவிட்டு நேராக வந்தார்கள். ஷூ முழுக்க ஈர மணல். வாசலில் குனிந்து கழற்றப் போனார் மேனேஜர்.

"ஐயோ, கழட்டாதீங்க சார்! அப்படியே வாங்க. தரைதானே, இவ துடைச்சுக்குவா."

தண்ணீர்த் தட்டோடு நின்ற தையல்காரியின் காதில் அது விழுந்தது. நறநறவென்று மணல் பலகையில் அரைபடும் சத்தமும் விழுந்தது.

தட்டை மேசை மேல் வைத்தாள். "இவங்க கால்ல இருக்கிறது என்னங்க? சர்க்கரையா?"

"ஏய், உள்ள போ."

"மணலுக்குப் பயந்து என் தங்கச்சியை நிறுத்துனீங்கன்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன். இல்ல! அவளை நிறுத்தணும்னே இந்தத் தரையைப் போட்டிருக்கீங்க. நாலு பேர் வர்றப்ப மீன் நாத்தம் அடிக்கக் கூடாது, அதானே?"

கணவர் அவசரமாக மேனேஜருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேனேஜரின் மனைவி தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தையல்காரி படியிறங்கி நேரே மீன் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தங்கையின் கை அவள் பிடியில் இருந்தது. "விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, செதிலும் ஈரமுமாகக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். மணல் தடம் வாசலிலிருந்து வரிசையாகப் பதிந்திருந்தது. விருந்தினர் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்கள்.

பிறகு வாளியை எடுத்தாள்.

"வேணாம்டி! தண்ணி பட்டா உப்பிடும்!"

"உப்பட்டும்."

முதல் வாளி. இரண்டாவது. தண்ணீர் போக வழியில்லாமல் கூடத்தில் தத்தளித்தது. கொல்லையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து, மூலையில் புதுச் சிமென்ட் மேல் ஓங்கிப் போட்டாள். இடிக்கும்போதுதான் அழுகை வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விம்மல். தங்கை அருகே மண்டியிட்டு, உடைந்த துண்டுகளை வெறும் கையால் பறித்தெடுத்தாள். திடீரென்று மூலையில் வெளிச்சம் தெரிந்தது. மணலும் தண்ணீரும் சளசளவென்று தெருவுக்கு ஓடின.

அந்த ஈரத்திலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். விருந்துக்குச் சமைத்ததை எடுத்து வந்து தங்கைக்கு முதலில் பரிமாறினாள். கணவர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை.

பலகைகள் நனைந்த புத்தகம் போல உப்பி, ஓரம் தூக்கிக்கொண்டன. தரை போடுபவர் மறுபடி வந்து பெயர்த்தெடுத்தார். இந்த முறை சாம்பல் டைல்ஸ். மூலைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சார், இந்த ஓட்டையை என்ன செய்யட்டும்?"

கணவர் செய்தித்தாளை மடித்தார். மிஷின் சத்தம் வந்த அறையின் பக்கம் கையைக் காட்டினார்.

"அவகிட்ட கேளுங்க."

மிஷின் சத்தம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது.