கத்திரி வெயிலில் ஒரு தோட்ட விருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேல்ஸ் நாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சின்ன சங்கம் இருந்தது. துறைமுகத்துப் படகுக் கம்பெனி, சர்க்கரை ஆலை, நெய்வேலிச் சுரங்கம் என்று சுற்றுவட்டாரத்தில் வேலைக்கு வந்தவர்கள், மனைவி மக்களோடு சேர்த்து இருபது இருபத்தைந்து பேர். தங்களை யாராவது இங்கிலீஷ்காரர்கள் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், படகுக் கம்பெனி ஹவல்ஸ் துரையின் பங்களாத் தோட்டத்தில் கூடி மதிய விருந்து சாப்பிடுவார்கள். அவர்கள் ஊரில் கோடை என்றால் மேஜையை வெளியே தூக்கிப்போட்டு வெயில் காயும் காலமாம். அந்த வழக்கத்தை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. கடலூரிலோ அது கத்திரி. மாமரங்களுக்கு நடுவே கித்தான் கட்டி, வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துத் தொங்கவிட்டு, கழுத்தில் வியர்வை வழிய வழிய சூடான சூப் குடிப்பார்கள். சமையல்காரர் அந்தோணிசாமி, "உள்ள ஹால்ல போட்டா இன்னா கெட்டுப்போச்சாம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பரிமாறுவார்.

அந்த மேஜையில் புடவை கட்டிய ஒரே பெண் சௌந்தரம்.

சௌந்தரம் சிதம்பரத்துப் பெண். அப்பாவுக்குக் கீழவீதியில் பாத்திரக் கடை, அண்ணனும் அங்கேதான். அடம்பிடித்து நர்ஸ் படிப்புப் படித்து, கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கேதான் கிரிஃபித்தைப் பார்த்தாள். படகுக் கம்பெனி பட்டறையில் மெக்கானிக்குகளுக்கு மேலாளராக இருந்த மனிதர். செம்பட்டை முடி, உரத்த குரல், கூச்ச சுபாவம். கையைக் கிழித்துக்கொண்டு கட்டுப் போட வந்தவர், அப்புறம் கட்டுப் பிரிக்க வந்தார், அப்புறம் இன்னொரு காயத்தோடு வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் இருவரும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டார்கள். சேதி எட்டிய அன்றே அவளுடைய அப்பா தலைமுழுகினார். பிறகு அவர் இறந்ததும் சரி, அம்மா இறந்ததும் சரி, சௌந்தரத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அம்மா போன சேதியை, காரியமெல்லாம் முடிந்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் ஒரு வளையல்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

கிரிஃபித் இருந்தவரை அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. விருந்துக்குப் போகும்போது அவள் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துப் போவாள். அந்த வெயிலுக்கு அதுதான் ஏற்ற சாப்பாடு. ஆனால் வேறு யாரும் தொடமாட்டார்கள். கிரிஃபித் மட்டும் மாங்காய் ஊறுகாயோடு மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டு, "உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் தங்கள் பாஷையில் பாடுவார்கள். ஆண்களின் குரல் கனமாக எழும்பும்போது மாமரத்துக் காக்கைகள் பறந்துபோகும். அர்த்தம் தெரியாவிட்டாலும் சௌந்தரம் கூடவே முனகுவாள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து தத்தம் ஊர்ப் பேரைச் சொல்வார்கள். மற்றவர்கள் கண்ணாடிக் கோப்பையை உயர்த்துவார்கள். கிரிஃபித் அவளுக்கும் சேர்த்து "லான்கெதின்" என்பார். முதல் எழுத்தை நாக்கை மடித்துக் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது வரவே இல்லை. அவருக்கு 'சிதம்பரம்' வந்தது, 'தமிழ்' வரவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது என்பார்.

அறுபத்தொன்று ஐப்பசி மழையில் அவருக்கு மஞ்சள்காமாலை கண்டது. தினம் தினம் நோயாளிகளைப் பார்க்கிற சௌந்தரத்துக்கு, அவர் பிழைக்கமாட்டார் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. இருந்தும் கீழாநெல்லியிலிருந்து சென்னை டாக்டர் வரை எதையும் விடவில்லை. கார்த்திகை பிறக்கும் முன் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, புதுப்பாளையத்து வாடகை வீட்டுக்குத் தனியாகத் திரும்பினாள். குழந்தை இல்லை.

அடுத்த மே மாதம் ஹவல்ஸ் துரையின் டிரைவர் ராஜமாணிக்கம் வாசலில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம விருந்தும்மா. தொரைசாணி ஒங்கள அவசியம் வரச் சொன்னாங்க. நானே கார் எடுத்தாரேன்."

அவள் எதிர்பார்க்கவே இல்லை. பெட்டியைத் திறந்து நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தயிர்சாதம் பிசையவில்லை. யார் சாப்பிடப் போகிறார்கள்?

தோட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்கள். கிரிஃபித்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு பேச்சு அவர்கள் ஊர் மழை, ஊர்ச் சண்டை, யார் யார் கப்பல் ஏறுகிறார்கள் என்று போய்விட்டது. அவள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஊர் சொல்லும் முறை அவளிடம் வந்தது. எழுந்தாள்.

"சிதம்பரம்."

உயரவிருந்த கோப்பைகள் பாதியில் நின்றன. ஹவல்ஸ் துரைசாணி அவள் கையைத் தொட்டு, இங்கிலீஷில் மிக அன்பாகச் சொன்னாள்: "உன் கணவர் ஊரைச் சொல்லம்மா. அதுதான் வழக்கம்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சௌந்தரத்துக்கும் அது தெரியும். "லான்கெதின்" என்று, வராத அந்த எழுத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோப்பைகள் உயர்ந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் யாரும் சொல்லாமலேயே அந்த ஊரைத்தான் சொன்னாள். கண்ணால் பார்த்திராத ஊர். ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தன் ஊரை அவள் அப்புறம் எங்கேயும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு ஜொஹரா பீவிதான் அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை. பீவியின் புருஷன் மலாயாவில் கடை வைத்திருந்தார். அறுபத்தைந்தில் ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டே விட்டாள்.

"நர்ஸம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வெள்ளக்காரங்க ஒங்களுக்கு யாரு? போயிட்டு வந்து ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சிக்கிறீங்க. அப்பறம் ஏன் போறீங்க?"

சௌந்தரம் கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"அவுரத் தெரிஞ்சவுங்க அவுங்கதான் பீவி. கிரிஃபித்துன்னு பேரச் சொல்ற வாயி இந்த ஊர்ல வேற எங்க இருக்கு?"

"நானும் எங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லி எத்தினி வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டுப் பீவி உள்ளே போனாள்.

சங்கம் கரைந்துகொண்டே வந்தது. சர்க்கரை ஆலைக்காரர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். சுரங்கத்துக்காரர்களின் ஒப்பந்தம் முடிந்தது. கித்தானின் நீளம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அறுபத்தேழில் மேஜையில் நான்கு பேர். ஹவல்ஸ் துரை, அவர் மனைவி, காது கேட்காத ஒரு கிழப் பாதிரியார், சௌந்தரம். பாட்டை ஆரம்பித்துப் பார்த்தார்கள். இரண்டு அடிக்கு மேல் போகவில்லை.

"அடுத்த மாதம் நாங்களும் கிளம்புகிறோம்" என்றார் துரை. துரைசாணி அவளை உள்ளே அழைத்துப்போய், கட்டிவைத்த பெட்டிகளைக் காட்டினாள். பீங்கான் தட்டு, மேஜை விரிப்பு, எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள் என்றாள். சௌந்தரத்துக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டாள்.

துரைசாணி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். யோசித்தாள். திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள்.

"அந்த இரண்டாவது காயம் எப்படி வந்ததென்று அவன் சொல்லவே இல்லையா? முதல் காயம் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு சாக்கு இல்லை. பட்டறையில் அரத்தை எடுத்துத் தன் கட்டைவிரலைத் தானே ராவிக்கொண்டான். என் கணவர் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினானாம்."

சௌந்தரம் சிரித்தாள். அந்தக் காயத்துக்கு அவள்தான் ஊசி போட்டாள். கவனமாக வேலை செய்யக் கூடாதா என்று திட்டியும் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று துரைசாணிக்கும் தெரியவில்லை.

அவர்கள் போனபின் ஒரு வருஷம் ஓடியது. ஜொஹரா பீவியைப் புருஷன் மலாயாவுக்கு அழைத்துக்கொண்டார். மறுபடி மே மாதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌந்தரம் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் போக இடமில்லை என்பது உறைத்தது. புடவையை அவிழ்க்க மனம் வரவில்லை. நடந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

பிறந்த வீட்டில் அண்ணி ராமாமிர்தம்தான் இருந்தாள். அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆனது. "வா" என்றாள். "உள்ளே வா" என்று சொல்லவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், முருங்கை மரத்தடியில் மணை போட்டு, இலை போட்டுச் சோறு வைத்தாள். வத்தக்குழம்பு, அப்பளம், மோர். சௌந்தரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா வைக்கும் அதே குழம்பு, அதே காரம்.

கடையிலிருந்து வந்த அண்ணன் தில்லைநாதன் கொல்லைக் கதவருகே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் கை கழுவும்வரை காத்திருந்தார்.

"போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாண்ணே. ஏழு வருஷமாவப் போவுது."

"ஒன்ன நல்லா வச்சிருந்தாரா?"

பதினேழு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருவர் அதைக் கேட்டது அன்றுதான். சௌந்தரம் அரத்தால் விரலை ராவிக்கொண்ட கதையைச் சொன்னாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணிதான் சிரித்துவிட்டாள். "அட, கிறுக்கு மனுஷா" என்றாள். ஒரு வினாடிக்குக் கிரிஃபித் அந்தக் கொல்லைக்கு வந்து போனது போலிருந்தது.

"இங்கயே இருந்துடுன்னு சொல்ல எனக்கு வாயி வரல சௌந்தரம்" என்றார் அண்ணன். "பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம்."

"நான் அதுக்கு வரலண்ணே."

தெருமுனை வரை கூடவே வந்தார். எதிரே தெரிந்தவர் ஒருவர் வருவதைக் கண்டதும் நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ரயிலில் நல்ல கூட்டம். எதிரில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். "ஒண்டியாவா வந்தீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றாள் சௌந்தரம். பரங்கிப்பேட்டைக்கு முன்னால் வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. ஆற்றில் தண்ணீர் வற்றி மணல்திட்டுகள் தெரிந்தன. மறுநாள் காலை அவளுக்கு வார்டில் முதல் ஷிப்ட். கண்ணை மூடிக்கொண்டாள்.