சித்தப்பாவின் சிரிப்புக் கேசட்

என் சித்தப்பா அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நியூஜெர்சியில் எங்கள் ஊர் கேபிளில், யார் போய்க் கேட்டாலும் அரை மணி நேரம் இலவசமாகத் தரும் சேனலில் என்று சேர்த்துச் சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

எண்பதுகளில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. பகலெல்லாம் பக்கத்து ஊரான பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலமானால் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சித்தப்பா நகைச்சுவைத் தொடர் எழுதுவார். அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஒரு தடவைதான். சரியா வரலைன்னா பேனாவை மூடி வெச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆபீஸ் நண்பர்களை நடிக்க வைத்துப் படம் பிடித்தாயிற்று. அமெரிக்கத் தொடர் என்றால் பின்னால் சிரிப்புச் சத்தம் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடக் கூடும் அங்கிள், ஆன்ட்டிகளுக்குக் கதையைப் படித்துக் காட்டி, அவர்கள் சிரிப்பதைப் பிடித்துவிடலாம் என்று முடிவானது. டேப் ரெக்கார்டர் என் பொறுப்பு. "நீதான்டி என் சவுண்ட் இன்ஜினியர்" என்றார் சித்தப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதை ஓர் அமெரிக்கத் தம்பதியைப் பற்றியது. அப்படியொரு வீட்டுக்குள் சித்தப்பா ஒரு முறைகூடப் போனதில்லை. எல்லோரும் புளியோதரையை முடித்துவிட்டு, கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி சம்மணம் போட்டு மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் பல்லும் வெளியே தெரியவில்லை. கடைசியில் ஓர் அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கருத்து ரொம்ப நல்லா இருக்கு" என்றார். சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது; டேப்பை நிறுத்தவும் மறந்துபோனேன்.

அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "அது கிடக்கட்டும் தம்பி, அந்தக் கார் கதையைச் சொல்லுங்க" என்றாள்.

சித்தப்பா தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். வந்த வருஷம், முதல் பனியில், ஒரு மணி நேரம் மூச்சு முட்டத் தோண்டி, பனியில் புதைந்திருந்த காரை வெளியே எடுத்தாராம். சாவி நுழையவில்லை. அது பக்கத்து வீட்டுக்காரர் கார். அந்த மனிதர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல, இவரும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, எங்கள் ஊரில் இதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த பனிக்கு அந்த மனிதர் பனி அள்ளும் ஷவலை எடுத்து இவருக்காக வாசலில் தயாராகச் சாத்தி வைத்திருந்தாராம்.

அங்கிள்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆன்ட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா கார்ப்பெட்டில் விழுந்து உருண்டார். அத்தனையும் டேப்பில் ஏறியிருந்தது.

ஒளிபரப்பான அன்று, அந்தத் தம்பதி காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டதற்கெல்லாம் டிவியில் வீடு அதிர எங்கள் டேப் சிரிப்பு. முடிந்ததும் அப்பா தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார்.

"அண்ணா, இதுல எல்லாரையும் விட சத்தமா சிரிக்கறது யாரு?" என்று கேட்டார் சித்தப்பா.

அப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார். மாஸ்டர்ஸ் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாளே சித்தப்பா அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார். தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவன், முதல் காட்சியிலேயே, பனியில் அடுத்தவர் காரைத் தோண்டிக்கொண்டிருந்தான். பாவம், இருந்த கற்பனையெல்லாம் ஒரே கதையில் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அன்று அவருக்காக ரொம்பவும் வருத்தப்பட்டேன்.